கிருஷ்ணகிரிக் கல்லும் தருமபுரிக் கல்லும் ஏன் இப்படி மாறுபடுகின்றன?

பெண்ணையாற்றங்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். காவேரிப்பட்டணத்தை ஒட்டிய எங்கள் பூர்வீக நிலத்தில் வீடு கட்டத் தொடங்கியிருக்கிறோம். கடைக்காலுக்கான கல்லை இரண்டு நடையாக இறக்கினோம். பர்கூர்ப் பக்கமிருந்து வந்த முதல் நடைக் கல் சாம்பல் நிறத்தில், வெள்ளையும் வெளிர் சிவப்புமாக வரிவரியாக ஓடிய கோடுகளுடன் இருந்தது. தருமபுரிக்குத் தெற்கேயிருந்து வந்த இரண்டாம் நடைக் கல்லில் அந்த வரிகள் அநேகமாக இல்லை. புதிதாக உடைத்த முகம் கரும்பச்சையாக, எண்ணெய் தடவியது போல மினுங்கியது. முதல் கல் சம்மட்டிக்குப் பலகை பலகையாகப் பிளந்தது. இரண்டாவதோடு மல்லுக்கட்டிய கொத்தனார், "ரெண்டும் கருங்கல்லுதான் சார், ஆனா இது சொன்ன பேச்சு கேக்காது" என்று சொல்லிவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டார். இரண்டு இடங்களுக்கும் இடையே ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணம்கூட இல்லை. அதற்குள் கல் இவ்வளவு மாறுவது ஏன் என்பதே என் முதல் கேள்வி.

இதையொட்டி வேறு சில ஐயங்களும் உண்டு. பர்கூர், ஜெகதேவி வழியாகப் போகும்போது, யாரோ தூக்கி அடுக்கியது போல உருண்டைப் பாறைகள் குன்று குன்றாகக் குவிந்து கிடப்பதைப் பார்த்து, "எரிமலை வெடித்து வந்து விழுந்தவையா?" என்று என் மகன் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. ஒகேனக்கல் பாறைதான் உலகிலேயே பழமையானது என்று பலர் எழுதுகிறார்கள், அது உண்மையா? கடைசியாக ஒன்று: எங்கள் நிலத்தில் 200 அடி இடைவெளியில் போட்ட இரண்டு ஆழ்துளைக் கிணறுகளில், ஒன்று 180 அடியிலேயே நீர் தந்தது, மற்றொன்று 900 அடி போயும் புகைதான் வந்தது. ஒரே நிலம், ஒரே பாறை என்றால் இது எப்படி நேரும்?

நான் வணிகவியல் படித்தவன். அதை மனத்தில் கொண்டு விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

கரட்டோரம்

வணக்கம் ஐயா. கல்லூரியில் நிலவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். உங்கள் ஊர் வழியே போகும் சேலம் நெடுஞ்சாலையின் இருபுறமும் வெட்டுண்டு நிற்கும் பாறைகளைக் காட்டத்தான் ஆண்டுதோறும் மாணவர்களை அழைத்துவருவேன். நீங்கள் இரண்டு லாரிக் கல்லில் கவனித்த வேறுபாட்டைப் பல நாட்டு ஆய்வாளர்கள் இங்கே வந்து தங்கி ஆராய்ந்திருக்கிறார்கள்.

'கருங்கல்' என்பது கட்டடத் தொழிலின் சொல். கடினமாக இருந்து சுமை தாங்கும் எந்தக் கல்லையும் அது தழுவிக்கொள்ளும். நிலவியலில் உங்கள் முதல் நடைக் கல்லை நைஸ் என்போம். அதில் வெளுத்த வரிகளாகத் தெரிபவை வெங்கச்சாங்கல் என்று நாம் சொல்லும் குவார்ட்சும் ஃபெல்ஸ்பாரும் ஆகும். கறுத்த வரிகளில் இருப்பவை ஹார்ன்பிளெண்டும், காக்காய்ப்பொன் எனப்படும் மைக்காவின் கறுப்பு வகையும். மைக்கா ஏடு ஏடாக உரியும் கனிமம்; அதன் ஏடுகள் எல்லாம் ஒரே திசையில் படிந்திருப்பதால்தான் கல் பலகையாகப் பிளக்கிறது. வெளிர் சிவப்பு நிறம் பொட்டாசியம் மிகுந்த ஃபெல்ஸ்பாரால் வருவது. கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள இந்த நைசுகளின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். பூமியின் வயதே 454 கோடி ஆண்டுகள்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். ஆயினும் கர்நாடகத்தின் மேற்குப் பகுதியில் 300 கோடி ஆண்டுகளையும் கடந்த நைசுகள் இருப்பதால், நம்முடையவை அந்தக் குடும்பத்தின் இளைய பிள்ளைகளே.

இரண்டாம் நடைக் கல் சார்னக்கைட். இது ஏதோ முற்றிலும் வேறான கல் அன்று. பெரும்பாலும் அதே வகை நைஸ், இன்னும் ஆழத்தில், இன்னும் கூடுதல் வெப்பத்தில் வெந்து உருமாறியது. மைக்காவும் ஹார்ன்பிளெண்டும் தங்கள் படிகக் கட்டமைப்புக்குள்ளேயே நீரை வைத்திருப்பவை. வெப்பம் 700 பாகை செல்சியசைத் தாண்டும் ஆழத்தில், கரியமில வாயு மிகுந்த பாய்மங்கள் ஊடுருவ, அந்த நீர் வெளியேறிவிடுகிறது. நீரற்ற ஹைப்பர்ஸ்தீன் என்னும் கனிமம் பிறக்கிறது. வெளுத்திருந்த ஃபெல்ஸ்பாரும் பச்சை கலந்த பழுப்பாக மாறிவிடுகிறது. நீங்கள் கண்ட எண்ணெய் மினுக்கம் அந்த ஃபெல்ஸ்பாருடையது. ஏடு பிரியும் மைக்கா குறைந்து, பழைய வரிகளும் கலங்கிவிட்டதால் கல்லுக்குப் பிளக்க வழி தெரிவதில்லை. உங்கள் கொத்தனாரின் பேச்சை அது கேட்காமல் போனதற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் ஆழத்தில் வெந்த கல் தருமபுரிப் பக்கம் மட்டும் ஏன் மேலே தெரிகிறது? வீடு கட்டுகிறவருக்குச் செங்கல்லை வைத்தே சொல்கிறேன். வரிசை வரிசையாக அடுக்கிய செங்கல் அடுக்கை அப்படியே ஒரு பக்கம் சாய்த்து, மேற்பரப்பை மட்டமாகச் செதுக்கிவிட்டால், ஒரு முனையில் மேல்வரிசையும் மறுமுனையில் அடிவரிசையும் ஒரே மட்டத்தில் தெரியும். தென்னிந்தியாவின் பழைய நிலப்பரப்பு அவ்வாறு வடக்கு நோக்கிச் சாய்ந்து, மேற்பகுதி கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துக் கழுவப்பட்டிருக்கிறது. கனிமங்களின் வேதிச்சேர்க்கையிலிருந்து அவை உருவான அழுத்தத்தைக் கணக்கிட முடியும்; அதன்படி கிருஷ்ணகிரியில் இன்று நாம் மிதிக்கும் பாறை ஒரு காலத்தில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்தது; தெற்கே செல்லச் செல்ல அந்த ஆழம் மேலும் சில கிலோமீட்டர் கூடுகிறது. ஆகவே கிருஷ்ணகிரியில் பேருந்து ஏறித் தருமபுரியில் இறங்குகிறவர், மேடும் பள்ளமும் பெரிதாக மாறாமலே, பூமியின் பழைய மேலோட்டுக்குள் இறங்கிச் சென்றவராகிறார். அரூருக்குத் தெற்கே சித்தேரி மலையும், சேலத்துச் சேர்வராயன் மலையும் இந்தச் சார்னக்கைட்டால் ஆனவையே.

இன்ன கல்மைலில் நைஸ் முடிந்து சார்னக்கைட் தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது. இடைப்பட்ட பகுதியில் சாம்பல் நிற நைசுக்குள் கரும்பச்சைத் திட்டுகள் மை கொட்டியது போல ஊறிப் பரவி நிற்கும். கர்நாடகத்துக் கப்பால்துர்கத்தில் இத்தகைய திட்டுகளைக் கண்டு, சார்னக்கைட் உருவாகிக்கொண்டிருந்த தறுவாயிலேயே உறைந்து நிற்கிறது என்று 1960ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டியவர் சி. எஸ். பிச்சமுத்து. அதே நாடகத்தின் அடுத்த காட்சி உங்கள் ஊர்ப்பக்கம் நடந்திருக்கிறது.

பெயர்க் கதையையும் சொல்லாமல் விட மனமில்லை. கொல்கத்தாவின் புனித யோவான் தேவாலய வளாகத்திலுள்ள ஜோப் சார்னக் என்னும் கிழக்கிந்தியக் கும்பினி அதிகாரியின் கல்லறைக் கல், சென்னைப் பல்லாவரம் பக்கத்திலிருந்து போன இந்த வகைக் கல். தாமஸ் ஹாலந்து என்னும் நிலவியலாளர் 1893இல் அந்தக் கல்லறையை நினைத்தே பாறைக்குப் பெயர் சூட்டினார். ஆளைப் பார்த்து ஊருக்குப் பெயர் வைப்பது போதாதென்று கல்லுக்கும் வைத்தார்கள்.

உங்கள் மகனுக்கு உரிய பதில்: எரிமலையும் இல்லை, வெள்ளம் உருட்டியதும் இல்லை. அந்தப் பாறைகள் இருந்த இடத்திலேயே உருண்டையானவை. ஆழத்திலிருந்த பாறை, மேலிருந்த சுமை நீங்க நீங்க விரிந்து, குறுக்கும் நெடுக்குமாக வெடித்துக் கட்டம் கட்டமாகப் பிரிகிறது. வெடிப்பு வழியே இறங்கும் மழைநீர் ஒவ்வொரு கட்டத்தையும் சுற்றிலும் அரிக்கிறது. மூலைகளில் மூன்று பக்கமிருந்தும் அரிப்பு நடப்பதால் மூலை முதலில் கரைந்து, சதுரம் உருண்டையாகிறது. உதிர்ந்த மண்ணை மழை அடித்துக்கொண்டு போனபின் மிஞ்சுபவையே நீங்கள் காணும் குவியல்கள். சாலை போடுவதற்காகப் புதிதாக மேட்டை வெட்டியிருக்கும் இடத்தில் மகனை நிறுத்திக் காட்டுங்கள். செம்மண்ணுக்குள் பாதி உருண்ட கற்கள் இன்னும் புதைந்திருப்பதை அவனே கண்டுகொள்வான்.

உளிச்சத்தம்

மேலே எழுதிய ஐயாவின் விளக்கம் மிகவும் பயனுள்ளது. எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கல் வேலையில் இருப்பதால், ஒரு சிறு திருத்தத்தை மட்டும் பணிவுடன் சொல்ல விரும்புகிறேன். தருமபுரிப் பக்கத்துக் கரும்பச்சைக் கல் பிளக்கவே பிளக்காது என்று எண்ணிவிட வேண்டாம். வரி கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் எந்தக் கல்லுக்கும் எளிதாகப் பிரியும் பக்கம் ஒன்று இருக்கும். அனுபவமுள்ளவர் கல்லை நனைத்துவிட்டு, அது காயும்போது சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தோ, தட்டி ஒலியைக் கேட்டோ அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்துவிடுவார். கடைக்காலுக்குக் கல் உடைக்கும் அவசரத்தில் அதற்கெல்லாம் நேரமிருப்பதில்லை என்பது வேறு.

பாறை விரிந்து வெடிப்பதைப் பற்றி ஐயா எழுதினாரே, எங்கள் தொழில் அதை நம்பியே நடந்தது. வெடிப்புகள் குறுக்கே மட்டுமன்றி, வெங்காயத்தோல் போலப் பாறையின் மேற்பரப்புக்கு இணையாகவும் உண்டாகும். வெடிமருந்து பரவலாவதற்கு முன், அகன்ற மொட்டைப் பாறையின் மேல் விறகை அடுக்கி எரித்து, தீயை மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டே போவார்கள். சூடேறிய மேல்தோல் விரிந்து, உள்ளே குளிர்ந்திருக்கும் பாறையிலிருந்து விட்டுக்கொள்ளும். தட்டினால் டொக்கென்ற ஓசை மாறிப் பானையைத் தட்டியது போலக் கேட்கும். அவ்வளவுதான், பிறகு உளி வைத்து வேண்டிய அளவில் துண்டு போட்டுக்கொள்ளலாம். கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லசந்திரம் குன்றின் மேல் கற்பலகைகளை நிறுத்தி, மேலே ஒரு பலகையால் மூடிக் கட்டிய பெருங்கற்காலக் கல்திட்டைகளைப் பார்த்திருக்கிறீர்களா? அந்தப் பலகைகளை அவர்கள் தொலைவிலிருந்து தேடிக் கொண்டுவர வேண்டியிருந்ததில்லை. தோல் உரிந்து நிற்கும் பாறை காலடியிலேயே கிடந்தது. நம் இரு மாவட்டங்களிலும் நடுகற்கள் இவ்வளவு மிகுந்திருப்பதற்கு, வீரம் ஒரு காரணமென்றால், எளிதில் கிடைத்த கற்பலகை இன்னொரு காரணம் என்பது என் எண்ணம்.

சந்தையில் நடக்கும் பெயர்க் குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து போகும் 'பிளாக் கிரானைட்' உண்மையில் கிரானைட் அன்று. நைஸ் வெடித்த பிளவுகளில் கீழிருந்து பாறைக்குழம்பு ஏறிச் சுவர் போல உறைந்த டோலரைட் அது. கிரானைட்டில் கண்ணுக்குத் தெரியும் குவார்ட்ஸ் மணிகள் நிறைந்திருக்க வேண்டும். இதில் அவை அநேகமாக இல்லை. 'பாரடைசோ' என்ற பெயரில் பர்கூர் வட்டாரத்திலிருந்து ஏற்றுமதியாகும் ஊதா கலந்த கல்லும் அப்படித்தான். அது பாதி உருகி, உருகிய பகுதியும் உருகாத பகுதியும் சுழிசுழியாகக் கலந்துபோன நைஸ், அதாவது மிக்மடைட். வாங்குகிறவர் அந்தச் சுழிக்காகத்தான் விலை கொடுக்கிறார். மெருகேறும் கடினமான கல் எதுவானாலும் வியாபாரத்தில் கிரானைட்தான். அதை மாற்ற யாராலும் முடியாது.

சாமல்பட்டிக்காரி

ஒகேனக்கல் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். கார்பனடைட் பாறைகளைப் பற்றி முதுகலை ஆய்வேடு எழுதியவள்; எங்கள் ஊரிலேயே அந்தப் பாறை இருப்பதால் சிறுவயது முதலே அதன்மீது ஒரு பற்று.

ஒகேனக்கல்லின் சிறப்பு என்று சொல்லப்படுவது கார்பனடைட். தீப்பாறைகள் பொதுவாக மணற்சத்தான சிலிக்கா மிகுந்த குழம்பிலிருந்து உறைபவை. கார்பனடைட்டோ, பாதிக்கும் மேல் கால்சைட் போன்ற கார்பனேட் கனிமங்களால் ஆனது. பார்வைக்குச் சுண்ணாம்புக்கல் போலிருக்கும்; ஆனால் கடலடியில் படிந்ததன்று, பூமியின் மேலோட்டுக்கும் கீழிருந்து குழம்பாக ஏறி வந்தது. ஒகேனக்கல் வட்டாரத்தில் இது பைராக்சினைட் என்னும் கரும்பாறையினூடே கொடிகளாகவும் துண்டங்களாகவும் காணப்படுகிறது. ஆய்வகத்தில் கணிக்கப்பட்ட அதன் வயது ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகள். உலகின் மூத்த கார்பனடைட்டுகளுள் ஒன்று என்று அதைச் சொல்வது முறையே.

ஆனால் 'உலகிலேயே பழமையான பாறை' என்ற கூற்று இரண்டு வகையில் தவறு. கார்பனடைட்டுகளுக்குள்ளேயே பின்லாந்தின் சீலின்யார்வி ஏறத்தாழ 260 கோடி ஆண்டுகளும், கிரீன்லாந்தில் உள்ள ஒன்று ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகளும் பழமையானவை. இரண்டாவது தவறு இன்னும் எளிது. கார்பனடைட் ஏற்கெனவே இருந்த நைசையும் சார்னக்கைட்டையும் பிளந்துகொண்டு நுழைந்த பாறை. வீட்டுக்குள் நுழைந்த விருந்தாளி வீட்டைவிட எப்படி மூத்தவராக இருக்க முடியும்? உங்கள் கடைக்காலில் இறங்கிய கல் ஒகேனக்கல் கார்பனடைட்டைவிட வயதில் பெரியது ஐயா. மேலும், பரிசலில் போகும்போது இருபுறமும் செங்குத்தாக நிற்கும் சுவர்கள் முழுவதும் கார்பனடைட் என்று எண்ணுகிறார்கள். அவற்றில் மிகப் பெரும்பகுதி அந்தப் பழைய கடினப் பாறையே; அது வெடித்த கோடுகளைப் பற்றிக்கொண்டுதான் காவிரி பல கிளைகளாகப் பிரிந்து விழுகிறது.

ஒகேனக்கல்லைப் பற்றி எழுதுகிறவர்கள், ஊத்தங்கரைப் பக்கத்து எங்கள் சாமல்பட்டியை மறந்துவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் மனக்குறை. சேலம் மாவட்டத்துப் பாக்கநாட்டிலிருந்து சாமல்பட்டி வழியாகத் திருப்பத்தூர் மாவட்டத்து ஏலகிரி, சேவாத்தூர் வரை வடகிழக்காக ஓடும் ஒரு நலிந்த மண்டலத்தில் சயனைட் (syenite; சயனைடு நஞ்சு அன்று, ஃபெல்ஸ்பார் மிகுந்த ஒரு தீப்பாறை), கார்பனடைட், பைராக்சினைட் ஆகியவை கோத்த மணிகள் போல இருக்கின்றன. ஏலகிரி மலையே ஒரு சயனைட் மலை. சேவாத்தூரில் வெர்மிகுலைட் எடுக்கிறார்கள். சூடாக்கினால் பொரி போல உப்பும் கனிமம் அது. இந்த வரிசையின் வயது 70 முதல் 80 கோடி ஆண்டுகள்தான். ஆக, 240 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை பிளந்த இந்த வட்டாரம், 160 கோடி ஆண்டுகள் கழித்து மீண்டும் பிளந்து, ஆழத்திலிருந்து அதே போன்ற அரிய குழம்புக்கு வழிவிட்டிருக்கிறது. வயதுப் போட்டியைவிட, ஒரே வட்டாரத்தில் இது இரண்டு முறை நடந்தது என்பதே எனக்கு வியப்பாக இருக்கிறது.

வீட்டில் சோதிக்க விரும்பினால், கல்லைச் சுரண்டிப் பொடியாக்கி எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். கால்சைட் இருந்தால் நுரைக்கும். ஆனால் நம் நிலங்களில், மண்ணில் சுண்ணாம்பு திரண்டு உண்டாகும் சுக்கான்கல்லும் இதே போல நுரைக்கும். அதைக் கார்பனடைட் என்று நம்பிப் பையில் போட்டுக்கொண்டு வந்த முதல் ஆள் நான்தான். எங்கள் பேராசிரியர் ஒரு வாரம் சிரித்தார்.

மகாராஜகடை

கோலார் தங்கப் பாறை எங்கள் பக்கமும் நீள்கிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது உண்மையானால் கிருஷ்ணகிரியிலும் தங்கச் சுரங்கம் வரலாமே? இதையும் யாராவது தெளிவுபடுத்தினால் நன்றாக இருக்கும்.

கரட்டோரம்

பாறை நீள்வது உண்மை. தங்கம் அதே அளவில் நீள்கிறது என்று அதற்குப் பொருளில்லை. கோலார் பாறைவரிசை தெற்கே இறங்கி வேப்பனப்பள்ளி, மகாராஜகடை வட்டாரத்தில் ஒடுங்கி முடிகிறது. நைசுக்கு நடுவே கறுத்து நிற்கும் ஆம்பிபோலைட் பாறைகள்தாம் அதன் அடையாளம். உங்கள் மகனிடம் எரிமலையே கிடையாது என்று சொன்னதை, பெண்ணையாற்றங்கரை ஐயா, இந்த ஓர் இடத்துக்கு மட்டும் திருத்திக்கொள்ள வேண்டும். அந்த ஆம்பிபோலைட் முதலில் எரிமலைக் குழம்பாகப் பாய்ந்து, பிறகு அழுத்தத்திலும் வெப்பத்திலும் உருமாறியது. வயது ஏறத்தாழ 270 கோடி ஆண்டுகள். அந்த எரிமலைக்கும் பர்கூர் உருண்டைகளுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை.

தங்கம் அந்தக் கரும்பாறை முழுவதும் பரவியிருப்பதில்லை. அதை ஊடறுத்த மெல்லிய குவார்ட்ஸ் கொடிகளில், சூடான நீர்மங்கள் கொண்டுவந்து சேர்த்த இடங்களில் மட்டுமே இருக்கும். கோலாரில் அந்தக் கொடிகளைத் தொடர்ந்து 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினார்கள். 2001இல் சுரங்கத்தையே மூடினார்கள். நம் மாவட்டப் பாறைகளில் உலோகம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது தங்கமன்று. அரூர் – ஊத்தங்கரைப் பட்டையில் மாலிப்டினம் இருப்பதை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை கண்டறிந்து ஆராய்ந்திருக்கிறது. தீர்த்தமலையில் காந்தக்கல்லும் குவார்ட்சும் மாறி மாறிப் படிந்த இரும்புப் பாறை இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் பொது ஆண்டுக்கு முன் 2172 வரை செல்கிறது என்று 2022இல் அறிவித்தபோது பலர் வியந்தார்கள். இரும்புக்கல் இவ்வளவு அருகில் கிடைக்கும் நாட்டில் அது நடந்தது எனக்கு அவ்வளவு வியப்பாக இல்லை.

நீர்க்கண்

ஆழ்துளைக் கிணறு பற்றிய கேள்வி விடுபட்டுப் போய்விட்டது. நான் நிலத்தடி நீர் ஆய்வில் வேலை பார்த்தவன்.

நைசுக்கோ சார்னக்கைட்டுக்கோ தன் உடலுக்குள் நீரை வைத்துக்கொள்ள இடமே இல்லை. நம் ஊரில் நீர் இருக்குமிடம் இரண்டுதான். ஒன்று, மேலே மக்கி உதிர்ந்த பாறை. அந்தக் காலத்து வெட்டுக்கிணறுகள் இதை நம்பியவை. மற்றொன்று, அதற்குக் கீழே பாறையிலுள்ள வெடிப்புகள். ரிக் வண்டிக்காரர் 'கேப்' என்று சொல்வது இதைத்தான். ஆழம் கூடக் கூட மேலுள்ள பாறையின் சுமையால் வெடிப்புகள் இறுகிவிடும். ஆகையால் 900 அடியில் கிடைக்காதது 1,200 அடியில் கிடைக்கும் என்ற நம்பிக்கை பெரும்பாலும் பணத்தைத்தான் குடிக்கும்.

200 அடிக்குள் இவ்வளவு வேறுபாடு நேர்வதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். நிலத்தைப் பார்க்காமல் முடிவு சொல்வது முறையாகாது. ஆனாலும் ஒன்றை நீங்களே சோதிக்கலாம். உளிச்சத்தம் குறிப்பிட்ட டோலரைட் சுவர்கள், பெங்களூரு முதல் தருமபுரி வரை உள்ள பரப்பில் எண்ணற்றவை. அவற்றில் ஒரு பெருந்தொகுதி ஏறத்தாழ 237 கோடி ஆண்டுகள் பழமையானது. வெடிப்பில்லாத டோலரைட் சுவர் நிலத்துக்குள் கட்டிய தடுப்பணை போலச் செயல்படும். மேட்டுப் பக்கமிருந்து வடிந்துவரும் நீர் அதன் முகத்தில் தேங்கும்; மறுபக்கம் வறண்டு கிடக்கும். உங்கள் இரண்டு கிணறுகளுக்கும் நடுவே, கறுத்து உருண்ட கற்கள் ஒரே நேர்க்கோட்டில் வரிசையாகக் கிடக்கின்றனவா என்று பாருங்கள். சுற்றியுள்ள மண்ணின் நிறமும் அங்கே மாறியிருக்கும்.

நீர் கிடைத்ததோடு மகிழ்ந்துவிடாமல், குடிப்பதற்கு முன் ஃபுளோரைடு அளவைச் சோதித்துவிடுங்கள். இதற்கும் பாறையே காரணம். கறுப்பு மைக்கா, ஹார்ன்பிளெண்ட், அபடைட் ஆகிய கனிமங்களில் ஃபுளோரின் இருக்கிறது. வெடிப்புகளில் நெடுங்காலம் தங்கும் நீர் அதைக் கரைத்துக்கொள்கிறது. நீரில் கால்சியம் மிகுந்திருந்தால் அது ஃபுளோரைடைப் பிடித்துக் கீழே படியவைத்துவிடும். ஆனால் மழை குறைந்த நம் மண்ணில் அந்தக் கால்சியம் சுக்கானாகப் பிரிந்துவிடுவதால், நீரில் ஃபுளோரைடு தங்கிப்போகிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாதபோது 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. அதற்கு மேற்பட்ட நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் பற்கள் பழுப்பேறும். பிறகு எலும்பும் மூட்டும் இறுகும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவர, ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் உருவாகி 2013இல் தொடங்கிவைக்கப்பட்டதற்குக் காரணம் வெறும் தண்ணீர்த் தட்டுப்பாடு மட்டுமன்று. அதன் பெயரிலேயே 'ஃபுளோரோசிஸ் தணிப்பு', அதாவது ஃபுளோரைடால் வரும் இந்த நோயின் தணிப்பு, என்பதும் சேர்ந்திருக்கிறது. கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று பல வீடுகளில் நம்புகிறார்கள். அது தவறு; நீர் ஆவியாகப் போக, ஃபுளோரைடின் செறிவு கூடவே செய்யும். ஆர்.ஓ. எனப்படும் எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் வடிகட்டினால் குறையும்.

பாறை வரைபடம் வேண்டுமானால், புவியியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் இணையதளத்தில் 1:50,000 அளவில் இலவசமாகப் பார்க்கலாம். உங்கள் நிலத்தின் பெயர் அதில் இராது. ஆனால் அருகில் டோலரைட் சுவர்க் கோடு எதுவும் ஓடுகிறதா என்பது தெரிந்துவிடும்.

பெண்ணையாற்றங்கரை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை மகனுடன் நிலத்தைச் சுற்றிவந்தேன். நல்ல கிணற்றுக்கும் வறண்ட கிணற்றுக்கும் இடையே, கிழக்கு மேற்காகக் கறுத்த உருண்டைக் கற்கள் வரப்பு போட்டது போல ஓடுகின்றன. என் பாட்டனார் நிலத்தைச் சீர்செய்தபோது பொறுக்கி ஒதுக்கியவை என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்; இரண்டு கற்களைப் புரட்ட முயன்றோம், மண்ணுக்குள் ஆழமாக வேரோடியிருப்பது போல அசையவில்லை. பக்கத்து வயல்காரரின் நிலத்திலும் அதே நேர்க்கோட்டில் இரண்டு மேடுகள் தெரிகின்றன. நல்ல கிணறு மேட்டுப் பக்கம்தான் இருக்கிறது.

அதன் நீரை ஒரு புட்டியில் பிடித்து வைத்திருக்கிறேன்; திங்கட்கிழமை சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன். மூன்றாவது ஆழ்துளைக் கிணற்றுக்காகப் பேசி வைத்திருந்த ரிக் வண்டியை வேண்டாமென்று சொல்லிவிட்டேன். மகன் எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு வாசலில் கிடக்கும் கல் ஒவ்வொன்றையும் சோதித்துக்கொண்டிருக்கிறான். இதுவரை நுரைத்தது சிமெண்டு மட்டுமே.

சாமல்பட்டிக்காரி

தம்பியை ஒருநாள் எங்கள் ஊருக்கு அழைத்துவாருங்கள் ஐயா. எலுமிச்சம்பழம் நான் வாங்கி வைக்கிறேன்.